பிப்ரவரி 16: பினாங்கில் வளைந்த ஒரு பந்து வரலாற்றில் இடம்பிடித்தது எப்படி?

2016 பிப்ரவரி 16, செவ்வாய்க்கிழமை. ஜோர்ஜ்டவுன் சிட்டி ஸ்டேடியத்தில் பினாங்கும் பகாங்கும் மோதின. மலேசிய சூப்பர் லீக்கில் அது ஒரு சாதாரண ஆட்டம்தான். இறுதி ஆட்டமும் இல்லை, கிண்ணமும் இல்லை. பினாங்கு 4-1 என்ற கோல் கணக்கில் வென்றது. மறுநாள் பத்திரிகையில் நாலு வரி, அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

ஆனால் முடியவில்லை. அந்த நாலு கோலில் ஒன்று, அடுத்த ஆண்டு ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகர மேடை வரைக்கும் போனது. உலகின் ஆகச் சிறந்த கோலுக்கு ஃபிஃபா தரும் புஷ்காஸ் விருதை முகமட் ஃபாயிஸ் சுப்ரி வென்றார். அந்த விருதைப் பெற்ற முதல் ஆசிய ஆட்டக்காரர் அவர்தான்.

அந்தக் காணொளியை நீங்கள் எப்போதாவது பார்த்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், மாமாக் கடையில் நண்பர் யாராவது கைப்பேசியை நீட்டிக் காட்டியிருப்பார். பார்த்ததும் எல்லாருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: "பந்து எப்படிங்க அப்படித் திரும்புது?"

இந்தக் கேள்விக்கான பதில், மலேசியாவில் பெரிதாக யாரும் விளையாடாத ஒரு விளையாட்டில் இருக்கிறது. அது பேஸ்பால். இன்னொரு கேள்வியும் உண்டு, அதை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்கு நடுவே ஒரு நாள் மட்டும் எப்படி "வரலாற்று நாள்" ஆகிறது? அதற்கும் பேஸ்பாலிடம் ஒரு பதில் உண்டு.

அன்று என்ன நடந்தது?

ஃபாயிஸ் சுப்ரி பினாங்குக்காரர் இல்லை. கெடா மாநிலத்தின் ஆயர் ஹீத்தாமில் 1987இல் பிறந்தவர். அன்று ஹரிமாவ் கும்பாங் என்று ரசிகர்கள் அழைக்கும் பினாங்குக் குழுவுக்காக ஆடிக்கொண்டிருந்தார். வயது 28.

கோலிலிருந்து ஏறக்குறைய 35 யார்ட் தூரத்தில், அதாவது சுமார் 32 மீட்டரில், பினாங்குக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. அவ்வளவு தூரத்திலிருந்து பெரும்பாலான ஆட்டக்காரர்கள் நேராகக் கோலை நோக்கி அடிக்க மாட்டார்கள். பெட்டிக்குள் தூக்கிப் போட்டு, யாராவது தலையால் முட்டட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஃபாயிஸ் நேராக அடித்தார்.

பந்து ஒரு பக்கம் போவதுபோல் கிளம்பியது. கோல் காவலரும் அதை நம்பி நகர்ந்தார். பாதி வழியில் பந்து மனம் மாறியதுபோல் சட்டென்று மறுபக்கம் திரும்பி வலைக்குள் போனது. திரும்பிப் பிடிக்க அவருக்கு நேரமே இல்லை.

அவர் மேல் தப்பு சொல்வதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பந்து சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 32 மீட்டரைக் கடக்க சுமார் 1.15 விநாடி ஆகும். கண்ணால் பார்த்து உடம்பை அசைக்கவே மனிதருக்கு ஏறக்குறைய 0.2 விநாடி வேண்டும். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். இவ்வளவு பெரிய இடத்தைக் காக்கிறவர் பந்து வந்து சேரும் வரை காத்திருக்க முடியாது. அது எங்கே வரும் என்று முன்கூட்டியே கணித்துத்தான் நகர வேண்டும். கணித்த பிறகு பந்து திசை மாறினால் அவர் கதை முடிந்தது.

பேஸ்பால் இதில் எங்கே வருகிறது?

இப்படிக் கடைசி நேரத்தில் ஆடி அசைந்து போகும் ஷாட்டைக் காற்பந்து ரசிகர்கள் "நக்கிள்பால்" என்பார்கள். ஃபாயிஸின் கோல் பரவியபோதும் பலர் பயன்படுத்திய சொல் அதுதான். பிரேசிலின் ஜூனின்யோவும் போர்ச்சுகலின் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் இந்த வகை ஃப்ரீ கிக்கைப் பிரபலமாக்கினார்கள். ஆனால் சொல் பேஸ்பாலிலிருந்து வந்தது.

பேஸ்பாலை அவ்வளவாகத் தெரியாதவர்களுக்கு: கிரிக்கெட்டின் பந்துவீச்சாளர் போல அங்கே "பிட்ச்சர்" இருப்பார். பந்தைத் தரையில் குத்தாமல் நேராக எறிவார். அவர் நிற்கும் இடத்துக்கும் மட்டையடிப்பவருக்கும் இடையே 18.44 மீட்டர். நல்ல பிட்ச்சர்கள் மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல் எறிவார்கள்.

நக்கிள்பால் எறிபவர் இதற்கு நேர் எதிர். விரல் நுனியாலோ நகத்தாலோ பந்தைப் பிடித்து, கிட்டத்தட்ட சுழலே இல்லாமல் தள்ளிவிடுவார். வேகமும் குறைவு, பெரும்பாலும் மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர்தான். தொடக்க காலத்தில் விரல் முட்டியை வைத்துப் பிடித்ததால் முட்டியைக் குறிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மெதுவாகத்தானே வருது, அடிச்சுத் தள்ளிடலாமேன்னு தோணும். அங்கேதான் சிக்கல். பந்து எந்தப் பக்கம் போகும் என்பது மட்டையடிப்பவருக்குத் தெரியாது, பின்னால் நின்று பிடிப்பவருக்கும் தெரியாது. எறிந்தவருக்கே உறுதியாகத் தெரியாது. இதைப் பிடிக்கவே வழக்கத்தைவிடப் பெரிய கையுறை போட்டுக்கொள்வார்கள்.

இந்த வித்தையைக் கற்றவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் நீண்ட நாள் ஆடினார்கள். ஃபில் நீக்ரோ 318 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். டிம் வேக்ஃபீல்ட் 200 வெற்றிகளைத் தொட்டார். 2012இல் ஆர். ஏ. டிக்கி, ஆண்டின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை வென்றார். நக்கிள்பாலை நம்பி ஆடியவர்களில் அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்.

பந்து ஏன் ஆடுகிறது?

முதலில் சுழலும் பந்தைப் பார்ப்போம். பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் மேல் மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். பந்து சுழன்றால் அந்தப் படலம் ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் பிரியும். பின்னால் விடும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளப்படும், பந்து எதிர்ப்பக்கம் வளையும். இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர்.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1997 ஜூன் 3 அன்று பிரான்ஸுக்கு எதிராக பிரேசிலின் ரொபெர்ட்டோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக். ஃபாயிஸின் கோலையும் பலர் அதோடு ஒப்பிட்டார்கள். ஆனால் மேக்னஸ் வளைவு ஒரே பக்கம்தான் போகும். பெரிய வளைவாக இருக்கலாம், ஆனாலும் ஒரே வளைவு. அனுபவம் உள்ள கோல் காவலர் சுழற்சியைப் பார்த்துக் கணிக்க வாய்ப்பு உண்டு.

இப்போது சுழலாத பந்து. இதில் காற்றுப் படலம் எந்தப் பக்கம் எங்கே பிரிய வேண்டும் என்று கட்டளையிட யாரும் இல்லை. பேஸ்பாலில் 108 இரட்டைத் தையல்கள் உண்டு. பந்து மிக மெதுவாகத் திரும்பும்போது தையல் இருக்கும் பக்கம் மாறிக்கொண்டே வரும். ஒரு கணம் இந்தப் பக்கம் தள்ளும், அடுத்த கணம் அந்தப் பக்கம். அதனால்தான் அந்த ஆட்டம்.

காற்பந்தில் தையலைவிட வேகம் முக்கியம். குறிப்பிட்ட ஒரு வேகத்தைத் தாண்டும்போது, பந்தைச் சுற்றிய காற்றுப் படலம் அமைதியான நிலையிலிருந்து கலங்கிய நிலைக்கு மாறும். அப்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று குறையும். அந்த எல்லைக்கு அருகே பறக்கும் பந்தின் மேல் பக்கவாட்டு விசைகள் நிலையில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். பந்து கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று தள்ளாடும்.

தற்செயலாக, ஃபாயிஸ் அந்தக் கோலை அடித்த அதே 2016இல் பிரான்ஸின் எக்கோல் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் நக்கிள்பாலின் இயற்பியல் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுழலே இல்லாமல் பந்தை உதைக்க ஓர் இயந்திரத்தையே கட்டினார்கள். 2010இல் ரொபெர்ட்டோ கார்லோஸ் கோலின் வளைவை ஆராய்ந்தவர்களில் சிலர் இதிலும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: பந்து தள்ளாடச் சுழல் இல்லாமை மட்டும் போதாது. சரியான வேகமும் வேண்டும், தள்ளாட்டம் கண்ணுக்குத் தெரியுமளவு தூரமும் வேண்டும். அதனால்தான் காற்பந்திலும் பேஸ்பாலிலும் கைப்பந்திலும் இது தெரிகிறது, மேசைப்பந்தில் தெரிவதில்லை.

பள்ளியில் கைப்பந்து ஆடியிருந்தால் இது உங்களுக்குப் புதிது இல்லை. உள்ளங்கையால் பட்டென்று தட்டி, சுழல் இல்லாமல் அனுப்பும் "ஃப்ளோட் சர்வ்" எதிரணியைத் தடுமாற வைப்பது இதே காரணத்தால்தான்.

பந்தின் அமைப்புக்கும் இதில் பங்கு உண்டு. 2010 உலகக் கிண்ணத்தின் ஜபுலானி பந்து நினைவிருக்கிறதா? பழைய 32 துண்டுகளுக்குப் பதிலாக 8 துண்டுகளால் ஆனது. மேற்பரப்பு வழவழப்பாக இருந்ததால், பலமாக உதைக்கும் வேகத்திலேயே தள்ளாட ஆரம்பித்தது. கோல் காவலர்கள் புலம்பித் தள்ளினார்கள். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ராபி மேத்தா அந்தப் பந்தைச் சோதித்துப் பார்த்து, தள்ளாட்டம் உண்மைதான் என்று விளக்கினார். 2014இன் பிரஸூக்கா பந்தில் தையல் நீளமாகவும் ஆழமாகவும் இருந்ததால் பறப்பு சீரானது.

ஆக, 32 மீட்டர் என்ற தூரம் ஃபாயிஸுக்குப் பாதகம் போலத் தெரிந்தாலும் உண்மையில் சாதகம். பக்கத்திலிருந்து அடித்திருந்தால் பந்துக்குத் திரும்ப இடமே இருந்திருக்காது.

ஜூரிக் வரை போனது எப்படி?

புஷ்காஸ் விருது 2009இல் தொடங்கியது. ஹங்கேரியின் ஃபெரென்ட்ஸ் புஷ்காஸ் நினைவாக வைத்த பெயர். முதல் ஆண்டு வென்றவர் கிறிஸ்டியானோ ரொனால்டோ. பிறகு நெய்மார், ஹாமெஸ் ரொட்ரிகேஸ் போன்றவர்கள் வாங்கினார்கள்.

2016க்கான பத்துக் கோல்களின் பட்டியலில் மெஸ்ஸியும் இருந்தார், நெய்மாரும் இருந்தார். அவர்களைத் தாண்டி இறுதி மூன்றுக்குள் வந்தவர்கள்: ஃபாயிஸ், பிரேசில் ஆட்டக்காரர் மார்லோன், வெனிசுவேலாவின் இளம் வீராங்கனை டானியுஸ்கா ரொட்ரிகேஸ். இணையத்தில் மக்கள் போட்ட ஓட்டில் ஃபாயிஸுக்கு 59.46 விழுக்காடு. மார்லோனுக்கு 22.86, டானியுஸ்காவுக்கு 10.01.

மேடையில் விருதைக் கொடுத்தவர் பிரேசிலின் ரொனால்டோ. ஃபாயிஸ் தன் உரையைக் கைப்பேசியில் வைத்திருந்தார். மேடையில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. உலக நட்சத்திரங்கள் காத்திருக்க, அவர் திரையைத் தள்ளித் தள்ளித் தேடியதை மலேசியர்கள் சிரித்துக்கொண்டே பெருமையோடு பார்த்தார்கள்.

"மக்கள் ஓட்டுதானே, சமூக ஊடகத்தில் சுறுசுறுப்பான நாடு ஜெயிச்சிடும்" என்று அப்போது சிலர் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. மலேசியர்கள் லிங்கை ஒருவருக்கொருவர் அனுப்பி ஓட்டு சேர்த்தார்கள். ஆனால் ஓட்டுப் போட முதலில் கோல் பட்டியலுக்குள் வர வேண்டும். பட்டியலுக்குள் வர அது யாருடைய கண்ணிலாவது பட வேண்டும். அதற்குக் காணொளி இருக்க வேண்டும். அன்று கேமரா இல்லாமல் இருந்திருந்தால், "பந்து அப்படியே திரும்பிச்சுப்பா, சத்தியமா" என்று சொல்லும் சில ஆயிரம் ரசிகர்கள் மட்டுமே மிஞ்சியிருப்பார்கள். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் எப்படி "வரலாற்று நாள்" ஆகிறது?

இந்த விஷயத்தில் பேஸ்பால்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஆண்டின் எந்தத் தேதியைச் சொன்னாலும், அன்று எந்த ஆண்டு என்ன நடந்தது என்று ஒரு பட்டியலை நீட்டிவிடுவார்கள். அக்டோபர் 1ஐ எடுத்துக்கொள்வோம்.

1903 அக்டோபர் 1: இன்றைய உலகத் தொடரின் முதல் ஆட்டம் பாஸ்டனில் நடந்தது. பிட்ஸ்பர்க் 7-3 என்று வென்றது. தோற்ற பாஸ்டன் பிட்ச்சர் வேறு யாரும் இல்லை, பின்னாளில் விருதுக்கே பெயர் தந்த சை யங்தான்.

1932 அக்டோபர் 1: சிகாகோவில் பேப் ரூத் கையை நீட்டி ஏதோ சைகை செய்தார். பிறகு பந்தை அரங்கின் வெளிப்பக்கம் தூக்கி அடித்தார். "இங்கேதான் அடிக்கப் போறேன்" என்று முன்கூட்டியே காட்டினாரா, எதிரணியை நோக்கிக் கையை ஆட்டினாரா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ரசிகர் ஒருவர் எடுத்த படச்சுருள் வெளிவந்தும் விவாதம் தீரவில்லை.

1961 அக்டோபர் 1: ரோஜர் மாரிஸ் அந்த ஆண்டின் 61ஆவது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத் 1927இல் வைத்த 60 என்ற சாதனையை முறியடித்தார். பந்தைப் பிடித்தது அரங்கில் உட்கார்ந்திருந்த 19 வயது இளைஞர்.

மூன்று சம்பவம், மூன்று நகரம், ஒரே தேதி. இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிகிறது? பேஸ்பால் 19ஆம் நூற்றாண்டிலேயே கணக்கு எழுதும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் பிறந்த பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக், ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒரு சிறு அட்டவணைக்குள் அடக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். யார் அடித்தார், யார் பிடித்தார், எத்தனை ஓட்டம் என்று எல்லாம் அதில் வரும். அந்த அட்டவணை பத்திரிகைகளில் நாள்தோறும் வந்தது. 1989இல் தொடங்கிய ரெட்ரோஷீட் என்ற தன்னார்வக் குழு, பழைய ஆட்டங்களை ஒவ்வோர் அடியாகத் தேடித் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்தது.

சில நேரம் வரலாறு தப்பிப்பதே அதிர்ஷ்டத்தால்தான். 1951 அக்டோபர் 3 அன்று பாபி தாம்சன் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு வெற்றியைத் தேடித்தந்த அடியைப் பற்றிய வானொலி வர்ணனை அமெரிக்காவில் மிகப் பிரபலம். அது நமக்குக் கிடைக்கக் காரணம், வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த ஒரு ரசிகர் அதைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்ததுதான்.

நம்ம ஊர்ப் பட்டியல் எங்கே?

அதே மாதிரி மலேசியாவுக்கு ஒரு நாள்காட்டி போட்டால்? உறுதியான பதிவு உள்ள சிலவற்றைப் பாருங்கள்.

பிப்ரவரி 16: 2016இல் ஃபாயிஸ் சுப்ரியின் ஃப்ரீ கிக்.

ஏப்ரல் 6: 1980இல் மெர்டேக்கா அரங்கில் மலேசியா 2-1 என்று தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோல் ஜேம்ஸ் வோங்குடையது. கோல் கம்பங்களுக்கு இடையே நின்றவர் "ஸ்பைடர்மேன்" ஆர். ஆறுமுகம். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்தது. தகுதி பெற்றவர்கள் விமானமே ஏறவில்லை.

ஆகஸ்ட் 17: பினாங்குக்கு வலியும் பெருமையும் கலந்த தேதி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய், சீனாவின் லின் டானிடம் தோற்று வெள்ளி பெற்றார். சரியாக எட்டு ஆண்டு கழித்து, 2016 ரியோ ஒலிம்பிக்கின் கலப்பு இரட்டையர் இறுதியில் பினாங்கைச் சேர்ந்த சான் பெங் சூன், கோ லியூ யிங்குடன் சேர்ந்து இந்தோனேசிய இணையிடம் தோற்றார். அதுவும் வெள்ளி. ஆகஸ்ட் 17 இந்தோனேசியாவின் சுதந்திர தினம் என்பதால் அங்கே கொண்டாட்டம் இரட்டிப்பானது.

ஆகஸ்ட் 26: 1983இல் பினாங்கில் நிக்கோல் டேவிட் பிறந்த நாள். பின்னாளில் ஸ்குவாஷில் எட்டு முறை உலக வெற்றியாளர்.

பட்டியல் போடும்போது தேதியில் ஒரு பொறியும் உண்டு. ஃபாயிஸ் விருது வாங்கியது ஜூரிக் நேரப்படி 2017 ஜனவரி 9 மாலை. மலேசியாவில் அப்போது ஜனவரி 10 அதிகாலை. நிகழ்ச்சி நடந்த ஊரின் தேதியையே எழுதுவது வழக்கம். இல்லாவிட்டால் ஒரே சம்பவத்துக்கு இரண்டு பிறந்தநாள் ஆகிவிடும்.

மேலே உள்ள பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். 1980க்கு முந்தையது எதுவும் இல்லை. பினாங்கில் அதற்கு முன் விளையாட்டே இல்லையா என்ன? மலேசியக் கிண்ணத்தைப் பினாங்கு 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் வென்றிருக்கிறது. பினாங்கின் எடி சூங் 1950களில் நான்கு முறை ஆல் இங்கிலாந்து ஒற்றையர் வெற்றியாளர். ஆனால் அந்த ஆட்டங்களில் எந்தக் கோல் எப்படி விழுந்தது, எந்த நிமிடம் ஆட்டம் மாறியது என்பதெல்லாம் இன்றைய இளைஞர் கைப்பேசியில் தட்டினால் வராது.

ஆறுமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1988இல் சாலை விபத்தில் காலமானார். இன்று இருபது வயதில் இருக்கும் பலருக்கு அவரை அறிமுகம் செய்தது 2016 ஜனவரியில் வந்த "ஓலா போலா" திரைப்படம்தான். அதில் வரும் கோல் காவலர் முத்து, ஆறுமுகத்தின் சாயலில் உருவான கற்பனைப் பாத்திரம். அசல் மனிதரைக் கற்பனை வழியாகத் தெரிந்துகொள்ளும் நிலை.

எண் இருந்தால் நிலைமை வேறு. ஓட்டப்பந்தய வீரர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 விநாடியில் முறியடித்தார். நடுவில் 49 ஆண்டுகள். அவ்வளவு காலமும் ஜெகதீசன் பெயர் செய்தியில் வந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் முறியடிக்க ஓர் எண் இருந்தது. ஒரு கோல் காவலர் பறந்து தடுத்ததற்கு எந்த ஸ்டாப்வாட்ச்சும் எண் தராது. அதை யாராவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் படம் பிடிக்க வேண்டும்.

தோட்டத் திடல்களில் ஆடியவர்களின் நிலை இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குத் தோட்டம் நடந்த ஆட்டங்களில் நம் தாத்தாக்கள் அடித்த கோல்களுக்குக் குடும்பக் கதைகளைத் தவிர வேறு சாட்சி அரிது. அதில் எத்தனை பந்து காற்றில் திரும்பியதோ!

அதன் பிறகு என்ன ஆனது?

புஷ்காஸ் விருது வந்த அதே 2017இல் பினாங்குக் குழு சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. ஓர் அற்புதமான கோல் ஒரு குழுவைக் காப்பாற்றாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 2020இல் பிரிமியர் லீக்கை வென்று மீண்டும் மேலே வந்தது.

ஆசியாவிலிருந்து அடுத்த புஷ்காஸ் விருது 2020இல் தென்கொரியாவின் சோன் ஹியுங் மின்னுக்குப் போனது. டோட்டன்ஹாமுக்காகத் தன் பக்கத்துப் பெட்டி அருகிலிருந்து எதிரணியை எல்லாம் கடந்து ஓடிப் போட்ட கோல் அது. சோன் உலகமே பார்க்கும் இங்கிலாந்து லீக்கில் ஆடியவர். அங்கே ஒவ்வொரு மூலையிலும் கேமரா. ஃபாயிஸின் கோல் ஜோர்ஜ்டவுனில் ஒரு வார நாள் இரவில் அடித்தது. அந்த வித்தியாசத்தை நினைத்தால் அதன் அருமை கூடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பேஸ்பாலின் பழைய கணக்கைத் தேடித் தொகுத்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ரசிகர்கள். அதே வேலையை இங்கேயும் செய்யலாம். தொடங்க நாலு விவரம் போதும்: தேதி, இடம், முடிவு, சாட்சி. சாட்சி என்றால் பத்திரிகைத் துணுக்கு, புகைப்படம், கோப்பையில் பொறித்த எழுத்து, இல்லாவிட்டால் ஆடியவரின் குரல்.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு இதழ்களை வீட்டிலிருந்தே தேடலாம். மலாயாக் காலத்து ஆட்ட முடிவுகள் பல அதில் கிடக்கின்றன. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் துணுக்குகள் உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலேயே இருக்கலாம்.

தாத்தா, பெரியப்பா, மாமா என்று யாராவது ஆடியிருந்தால் கைப்பேசியில் பதிவு பண்ணுங்கள். "நல்லா ஆடினோம்" என்பதோடு விடாதீர்கள். எந்தத் திடல், எதிரணி யார், எத்தனை கோல், அன்று மழையா வெயிலா, தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். சரியான தேதி நினைவில் இல்லாவிட்டாலும் இந்த மாதிரி விவரங்களை வைத்துப் பத்திரிகையில் தேடிப் பிடிக்கலாம்.

இந்த வாரம் உங்கள் பள்ளியோ தாமானோ ஓர் ஆட்டம் ஆடினால், முடிவோடு தேதியையும் ஆடியவர்களின் முழுப் பெயரையும் எழுதி வையுங்கள். காணொளி எடுத்தால் கோப்பின் பெயரிலேயே தேதியைப் போடுங்கள். பிறகு யாராவது தேடினால் கிடைக்கும்.